வெள்ளிக்கிழமை கழுவிய அடுப்பு

இஷொய்
14.02.1988

அன்புள்ள ராணிக்கு,

நான் நல்ல சுகம். நீயும் நிலுஷாவும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தை நின்றுகொண்டு வாசிக்காதே. சிரித்து விழுந்து எங்காவது அடிபட்டால் நான் பொறுப்பில்லை. உன் புருஷனுக்கு அடுப்படியில் வேலை கிடைத்திருக்கிறது.

ஓம், நான்தான். சங்கக்கடைக் கிளாக்கர் கோணேசன். நீ காய்ச்சலில் படுத்த அன்றும் தேத்தண்ணியைக் கடையில் வாங்கி வந்து தந்தவன். அந்த ஆள் இப்போது கொப்பன்ஹேகனில் ஒரு யப்பான் சாப்பாட்டுக் கடையில் கரி நெருப்புக்கு முன்னால் நின்று கோழி வாட்டுகிறான். இஷொயிலிருந்து ரயிலில் அரை மணி நேரம்.

கடை சின்னது. முதலாளி மொரித்தா முன்பு கப்பலில் சமையற்காரராக இருந்தவர். கப்பல் ஒருமுறை இங்கே நின்றபோது இறங்கினார், திரும்பி ஏறவில்லை. அடுப்பு உள்ளே குசினியில் இல்லை, ராணி. எட்டுப் பேர் இருந்து சாப்பிடுகிற நீட்டு மேசைக்கு எதிரே இருக்கிறது. கோழியைச் சின்னத் துண்டாக வெட்டி, மூங்கில் குச்சியில் கோத்து, கறுத்த இனிப்புச் சாறு ஒன்றில் தோய்த்துத் தோய்த்து வாட்ட வேண்டும். கருகினால் எட்டுப் பேரும் பார்க்கிறார்கள். கருகின பக்கத்தைக் கீழே வைத்துக் கொடுக்கிற விளையாட்டு இங்கே நடக்காது.

கரியும் நம்முடைய ஊர்க் கரி இல்லை. ஒன்றோடொன்று தட்டினால் செம்பு போல் சத்தம் வருகிறது. இலேசில் பற்றாது. நான் விசிறியை எடுத்து வீசு வீசென்று வீச, சாம்பல் பறந்து ஒரு வெள்ளைக்காரியின் கோட்டில் விழுந்தது. மொரித்தாவும் நானும் கொஞ்ச டேனிஷில்தான் கதைக்கிறோம். ‘லங்சம்ட், லங்சம்ட்’ என்கிறார். மெல்ல, மெல்ல என்று அர்த்தம். மெல்லச் செய்தால் நெருப்பு அணைந்துவிடுகிறது. ஒரு மாதம் பார்ப்பேன், சரிவராவிட்டால் போகலாம் என்று சொல்லியிருக்கிறார்.

நீ சந்தியில் அப்பம் சுடுகிறவள். கீழேயும் தணல், மூடியின் மேலேயும் தணல் வைத்து ஒன்றும் கருகாமல் எடுக்கிறாய். தணல் பதமாகிவிட்டது என்று உனக்கு எப்படித் தெரியும்? நாலு மணித்தியாலம் ஒரே மாதிரி எப்படி வைத்திருக்கிறாய்? பக்கத்தில் இருந்த ஏழு வருஷமும் கேட்காததை ஏழு கடல் தாண்டிப் போய்க் கேட்கிறார் என்று நீ சொல்வாய். சொல். ஆனால் பதிலும் எழுது.

உங்களைக் கூப்பிடுகிற விண்ணப்பத்துக்கு இன்னும் பதில் இல்லை. என்னோடு ஒரே அறையில் இருக்கும் பரமானந்தம் அண்ணைக்கும் இல்லை. தமிழ் ஆட்களின் விண்ணப்பங்களைத் தொடாமல் வைக்கும்படி மந்திரி சொல்லியிருக்கிறார் என்று இங்கே எல்லோரும் கதைக்கிறார்கள். எல்லோருக்கும் போலத்தான் எங்களுக்கும். பொறுமையாய் இரு.

அன்புடன்,
கோணேசன்

*

உப்புவெளி, திருகோணமலை
20.03.1988

அன்புள்ள அத்தானுக்கு,

விழவில்லை. ஆனால் சிரித்தேன். பக்கத்து வளவுத் தங்கமலருக்கும் வாசித்துக் காட்டினேன். பரமானந்தம் அண்ணையின் மனைவியல்லவா, அவளுடைய வாயைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? “கோணேசண்ணை விசிறி பிடிச்சவரோ? அங்க நெருப்பணைக்கிற ஆக்கள் பக்கத்திலதான் இருக்கினமோ எண்டு கேட்டு எழுதுங்கோ அக்கா” என்றாள்.

முதலில் அந்த விசிறியைக் கீழே வையுங்கள். இரும்பு மாதிரிக் கரி என்கிறீர்கள். அது தனியே பற்றாது. சிரட்டைக் கரி மாதிரிக் கெதியில் பற்றுகிற ஒன்றைக் கீழே போட்டு, அது நன்றாகச் சிவந்த பிறகு உங்களுடைய கரியை மேலே அடுக்குங்கள். பிறகு கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். அது உங்களுக்குப் பழக்கமான வேலைதான்.

கரி சிவந்து, மேலே மெல்லிய வெள்ளைச் சாம்பல் மூடும். அப்போதுதான் பதம். அந்தச் சாம்பலைத் தட்டாதீர்கள். தட்டினால் வேகமாக எரிந்து கெதியில் முடிந்துவிடும். உள்ளங்கையைத் தணலுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் பிடித்து எண்ணுங்கள். ஐந்து எண்ணும்வரை பொறுக்க முடிந்தால் அப்பத்துக்குச் சரி. இறைச்சிக்கு மூன்று போதும். தணலைச் சமமாகப் பரப்பாதீர்கள். ஒரு பக்கம் கூட, ஒரு பக்கம் குறைய வையுங்கள். கருகப் போகிறதைத் தள்ளி வைக்க ஒரு இடம் வேண்டும் அல்லவா?

இனி என்னுடைய கேள்வி. பரமானந்தம் அண்ணை தன் விண்ணப்பத்தின் இலக்கத்தைத் தங்கமலருக்கு எழுதி அனுப்பியிருக்கிறார். அவள் அதைச் சாமிப் படத்துக்குக் கீழே வைத்திருக்கிறாள். எங்களுடைய இலக்கம் என்ன? இந்தியன் ஆமி வீடு வீடாக வந்து, புருஷன் எங்கே, எந்த இயக்கம் என்று கேட்கிறது. டென்மார்க்கில் இருக்கிறார், எங்களைக் கூப்பிட எழுதியிருக்கிறார் என்றேன். ‘பேப்பர்’ என்றான். பேப்பர் இல்லை. அப்பம் நாலு கொடுத்து அனுப்பினேன்.

பள்ளிக்கூடத்தில் அப்பாவைப் படம் கீறச் சொன்னார்களாம். நிலுஷா உங்கள் பாஸ்போட் படத்தைப் பார்த்துக் கீறியிருக்கிறாள். தோளுக்குக் கீழே ஒன்றும் இல்லை. ரீச்சர் கேட்டதற்கு “அவ்வளவுதான் இருக்கு” என்றாளாம்.

இலக்கத்தை மறக்காமல் எழுதுங்கள்.

தங்கராணி

*

இஷொய்
22.05.1988

அன்புள்ள ராணிக்கு,

வேலை நிலைத்துவிட்டது. நீ சொன்னபடி உள்ளங்கையைப் பிடித்து எண்ணுகிறேன். மேசையில் இருக்கிறவர்களும் என்னோடு சேர்ந்து டேனிஷில் எண்ணுகிறார்கள். மொரித்தா என்னிடம் யாரிடம் படித்தாய் என்று கேட்டார். மனைவியிடம், தபாலில் என்றேன்.

அவர் போன மாதம் ஊருக்குப் போய் ஒரு அடுப்புக் கொண்டு வந்திருக்கிறார். அதைச் சிச்சிரின் என்கிறார்கள். கடலுக்கு அடியில் பாசி படிந்து படிந்து இறுகின மண்ணாம். அந்த மண் கட்டியை அப்படியே வெட்டிக் குடைந்து செய்திருக்கிறார்கள். தூக்கினால் பாரமே இல்லை, வெட்டின இடத்தை நாக்கில் வைத்தால் ஒட்டுகிறது. உள்ளே தணல் தகதகக்கும்போதும் வெளியே கை வைக்கலாம். அதற்குத் தண்ணீர் காட்டக் கூடாது. காய்ந்த தூரிகையால் மட்டும்தான் துடைக்க வேண்டும் என்று மூன்று தரம் சொல்லியிருக்கிறார். தன் பிள்ளையைத் தருகிற மாதிரித்தான் என்னிடம் தந்தார்.

இலக்கம் வக்கீலிடம் இருக்கிறது. கேட்டு எழுதுகிறேன். இலக்கம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான், ஒருவருடையதும் அசையவில்லை.

அதனால் ஒன்று யோசித்திருக்கிறேன். கொழும்பில் ஒருவர் இருக்கிறார். ஜேர்மனியில் விசா உள்ள ஒருவரின் மனைவியுடைய பாஸ்போட்டில் உன் படத்தை மாற்றி, அந்தப் பெயரில் உன்னைக் கூட்டி வருவார். இறங்கிய பிறகு யாருக்கு என்ன தெரியும்? நிலுஷாவைக் கொஞ்ச நாளைக்கு உன் அக்காவிடம் விடலாம். அவர் அடுத்த மாதம் உன் வீட்டுக்கு வருவார். படம் இரண்டு கொடு. யோசித்துக்கொண்டு இராதே, ராணி. இப்படியே இருந்தால் கிழடு தட்டிவிடும்.

கோணேசன்

*

உப்புவெளி
14.06.1988

அத்தான்,

உங்கள் ஆள் வந்தார். ஒரு தேத்தண்ணி கொடுத்து, படலை வரைக்கும் கூட்டிக்கொண்டுபோய் விட்டேன்.

நான் இன்னொருவனுடைய மனைவியாக விமானத்தில் ஏற மாட்டேன். எட்டு மணித்தியாலத்துக்கும் மாட்டேன், எட்டு நிமிஷத்துக்கும் மாட்டேன். பிள்ளையைச் சாமான் மாதிரி அக்காவிடம் வைத்துவிட்டும் வர மாட்டேன். அவளுக்கு ஏற்கெனவே தகப்பன் தோள் வரைக்கும்தான் இருக்கிறது.

நான் உங்களுடைய மனைவி. என் பெயரில், என் பிள்ளையோடு, முன்வாசலால் வருவேன். அது எத்தனை வருஷம் ஆனாலும் சரி. இலக்கம் என்ன என்று கேட்டேன். நீங்கள் பாஸ்போட் கதை சொல்கிறீர்கள். இலக்கம் வந்தால் பதில் எழுதுவேன்.

தங்கராணி

*

இஷொய்
18.11.1988

அன்புள்ள ராணிக்கு,

ஐந்து மாதம் நீ எழுதவில்லை. நானும் வீம்புக்கு இரண்டு கடிதம் எழுதி, அனுப்பாமல் கிழித்தேன். இன்று வீம்பு பிடிக்க எனக்கு யோக்கியதை இல்லை. வேலை போய்விட்டது.

போன வெள்ளி ஐப்பசிக் கடைசி வெள்ளி. காலையில் கடையைத் திறந்தது நான்தான். மொரித்தா மீன் வாங்கப் போயிருந்தார். நீ வெள்ளிக்கிழமைக்கு அடுப்பைக் கழுவி மெழுகி, மூன்று கோடு திருநீறு பூசுவாயே, அது நினைவுக்கு வந்தது. நான் அதை ஒரு நாளும் செய்ததில்லை. சாய்மனைக் கதிரையில் இருந்து பேப்பருக்கு மேலால் பார்த்ததுதான். உன் கடிதம் வர வேண்டும் என்று நேர்ந்துகொண்டு அந்தச் சிச்சிரினை நன்றாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். தண்ணீர் கூடாது என்று தெரியும். தெரிந்துதான் கழுவினேன். சாமிக்குச் செய்கிற காரியத்தில் என்ன வந்துவிடப் போகிறது என்று ஒரு எண்ணம். திருநீறும் பூசினேன்.

பின்னேரம் கரியை மூட்டினேன். கொஞ்ச நேரத்தில் ஒரு சத்தம். பார்த்தால் மேலிருந்து கீழ் வரைக்கும் ஒரு வெடிப்பு. அந்த நேரம் மொரித்தாவைக் கூப்பிட்டிருக்கலாம். நான் என்ன செய்தேன் தெரியுமா? கோதுமை மாவைக் குழைத்து வெடிப்பை அடைத்து, அந்தப் பக்கத்தைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்தேன். ஆட்கள் வந்து இருந்துவிட்டார்கள். வாட்டத் தொடங்கினேன். ஏழு மணிக்கு அடுப்பு இரண்டாகப் பிளந்தது. தணல் மேசையில் கொட்டி, ஒரு கிழவரின் சட்டைக் கை பற்றிவிட்டது. மொரித்தா பியரை ஊற்றி அணைத்தார். கிழவருக்குத் தோல் கொஞ்சம் சிவந்தது, அவ்வளவுதான். கடவுள் காப்பாற்றினார்.

எல்லோரும் போன பிறகு மொரித்தா துண்டுகளைப் பொறுக்கினார். மாவு ஒட்டியிருந்த துண்டைக் கையில் எடுத்து நெடுநேரம் பார்த்தார். உடைந்ததற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. “உனக்குத் தெரியும். தெரிந்தும் நெருப்பு வைத்தாய்” என்றார். நாளைக்கு வர வேண்டாம் என்றார்.

அறையில் சும்மா இருக்கிறேன். பரமானந்தம் அண்ணை காலையில் வேலைக்குப் போக, நான் யன்னலால் வாகனத் தரிப்பிடத்தைப் பார்க்கிறேன். உனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கோணேசன்

*

உப்புவெளி
16.12.1988

அன்புள்ள அத்தானுக்கு,

இலக்கம் வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். வேலையும் இல்லாமல் இருக்கிறவரோடு என்ன வீம்பு?

அடுப்பு மெழுகுவது வியாழன் பின்னேரம், நெருப்பு அணைந்து சூடு ஆறின பிறகு. அது இரவு முழுக்கக் காயும். நீங்கள் பேப்பருக்கு மேலால் பார்த்தது அரைவாசிதான். காலையில் குளிப்பாட்டிப் பின்னேரம் நெருப்பில் ஏற்றினால் எந்த மண்தான் தாங்கும்? ஊர் அடுப்பும் தாங்காது. இது ஏழு வருஷம் என்னோடு இருந்தவர் செய்கிற பிழை. இன்னொருவருக்கு இது வந்திருக்காது.

அடுப்பு உடைந்ததற்கு நான் கோபிக்கவில்லை. என் கையாலும் எத்தனையோ உடைந்திருக்கிறது. மாவைக் குழைத்து அடைத்தீர்களே, அதற்குத்தான் கோபம். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். நீங்கள் கெட்டிக்காரரும் இல்லை. உங்களுடையது ஒரு இரவு கூடத் தாங்கவில்லை. வெடிப்பைக் கண்டவுடனே சொல்லியிருந்தால் ஒரு அடுப்போடு போயிருக்கும். மறைத்தபடியால் ஒரு மனிதரைச் சுட்டது.

யன்னலால் பார்த்தது போதும், எழும்புங்கள். அந்த மண்ணைக் கடவுள் யப்பானில் மட்டுமா படைத்தார்? பாரமில்லாதது, நாக்கில் ஒட்டுவது, வெட்டக் கூடியது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த நாட்டிலும் கடல் இருக்கிறது. இரும்பு உருக்குகிறவர்கள், செங்கல் சுடுகிறவர்கள் இருப்பார்கள். அவர்களிடம் கேளுங்கள். கிடைத்தால் உங்கள் கையால் ஒரு அடுப்புச் செய்து கொண்டுபோய் அவர் கதவைத் தட்டுங்கள். திறக்காவிட்டால் அடுத்த நாளும் தட்டுங்கள்.

இங்கே நாளொரு ஹர்த்தால். இருந்தாலும் மா கரைக்கிறேன். நிலுஷாவுக்கு ஒரு பல் விழுந்துவிட்டது.

தங்கராணி

*

இஷொய்
05.02.1989

அன்புள்ள ராணிக்கு,

கிடைத்தது!

ரண்டர்ஸ் என்கிற ஊரில் அந்தோனிதாசன் என்று ஒரு மட்டக்களப்புப் பொடியன் இரும்பு வார்க்கிற இடத்தில் வேலை செய்கிறான். தொலைபேசியில் மண்ணின் குணத்தைச் சொன்னேன். “அண்ணை, எங்கட உலைக்கு உள்ளுக்கு வைக்கிற கல்லு அப்பிடித்தான் இருக்கு. தண்ணியில போட்டா மிதக்கும். வந்து பாருங்கோவன்” என்றான். போனேன். ரயில் அப்படியே கப்பலில் ஏறிக் கடலைக் கடக்கிறது, ராணி. நான் ரயிலுக்குள் இருக்க, ரயில் கப்பலுக்குள் இருக்க, வெளியே பனி கொட்டுகிறது.

அந்தக் கல்லை இங்கே மோலர் என்கிறார்கள். வடக்கே, உள்கடல் தீவுகளில் வெட்டி எடுக்கிறார்கள். அதுவும் கடற்பாசி படிந்த மண்தான்! இளமஞ்சள் நிறம். நாக்கில் வைத்தேன், ஒட்டியது. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. ஒரு கல்லை நக்கிவிட்டு அழுகிற ஆளை அந்தோனிதாசன் முன்பு பார்த்திருக்க மாட்டான்.

எறிய வைத்திருந்த பழைய கல்லில் பன்னிரண்டு தந்தார்கள். மரம் அரிகிற வாளால் அறுக்கலாம். அறுத்து, குடைந்து, கீழே காற்றுப் போக வாசல் வைத்து, நீட்டாக ஒரு அடுப்புச் செய்தேன். மூன்று தரம் பிழைத்து நாலாவது சரிவந்தது. பரமானந்தம் அண்ணை அறை முழுக்க மஞ்சள் மா என்று திட்டினார். இரண்டு கிழமை காய வைத்தேன். தண்ணீர்ப் போத்தலைக் கூடப் பக்கத்தில் கொண்டுபோகவில்லை.

மொரித்தா முதல் நாள் கதவைத் திறக்கவில்லை. இரண்டாம் நாள் திறந்தார், உள்ளே விடவில்லை. மூன்றாம் நாள் நான் முதலில் அந்தக் கிழவரைப் பற்றிக் கேட்டேன். பிறகு, “நான் பொய் செய்தேன்” என்று டேனிஷில் சொன்னேன். பிழையான டேனிஷ், ஆனால் அவருக்கு விளங்கியது. அடுப்பை வாங்கித் தட்டிப் பார்த்தார், ஒரு மூலையை நக்கினார். பிறகு உள்ளே போய்க் கரியைக் கொண்டு வந்தார். நான் மூட்ட, அவர் கையைப் பிடித்து எண்ணினார். திங்கட்கிழமை வரச் சொன்னார்.

இங்கே போன மாதம் மந்திரி மாறிவிட்டார். தமிழர்களின் கோப்புகளை எடுக்கத் தொடங்கிவிட்டார்கள் என்கிறார்கள்.

கோணேசன்

*

உப்புவெளி
18.03.1989

அன்புள்ள அத்தானுக்கு,

தங்கமலருக்கு அனுமதி வந்துவிட்டது. நேற்றுக் கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வேலிக்கு மேலால் கூப்பிட்டாள். வாசிக்கத் தெரியாத பாஷை, ஆனால் அவளுடைய பெயர் இருந்தது, பிள்ளைகளின் பெயர் இருந்தது. கட்டிப்பிடித்து அழுதோம். இரவு என் பாட்டில் இருந்து யோசித்தேன்.

உவர்மலையில் ஒருத்திக்கும் வந்திருக்கிறதாம். அவளுடைய புருஷன் உங்களுக்குப் பிறகு போனவர்.

அடுப்புச் செய்ததற்கு மெத்தச் சந்தோஷம். ஆனால் உங்கள் கடிதத்தில் கல்லைப் பற்றி இரண்டு பக்கம் இருக்கிறது, எங்களைப் பற்றி ஒரு வரி. வக்கீலின் விலாசத்தையும் இலக்கத்தையும் அனுப்புங்கள். நானே எழுதுகிறேன். எனக்கு ஆங்கிலம் எழுதித் தர இங்கே பாதர் இருக்கிறார்.

தங்கராணி

*

இஷொய்
09.04.1989

ராணி,

இலக்கம் இல்லை. வக்கீலும் இல்லை. நான் விண்ணப்பிக்கவே இல்லை.

87 தை மாதம், வந்து இறங்கின புதிதில், என்னை விசாரித்தார்கள். படிவத்தில் திருமணமானவரா என்று ஒரு கட்டம். முகாமில் இருந்தவர்கள் முதல் நாளே சொல்லித் தந்தார்கள்: “தனி ஆள் எண்டா கெதியில குடுத்திடுவாங்கள். குடும்பம் எண்டா பின்னால ஆறு பேர் வரப்போகினம் எண்டு யோசிப்பாங்கள்.” நான் இல்லை என்ற கட்டத்தில் கோடு போட்டேன். விசா கிடைத்ததும் திருத்தலாம் என்று நினைத்தேன். விசா கிடைத்த பிறகு, பொய் சொன்னவன் என்று பிடித்து அனுப்பிவிடுவார்களோ என்ற பயம் வந்துவிட்டது. உனக்கு மட்டும் எழுதிக்கொண்டிருந்தேன், கொடுத்துவிட்டேன், கொடுத்துவிட்டேன் என்று.

அந்த வருஷம் கடைசியில் எல்லோருடைய கோப்பையும் நிறுத்தினார்கள். பரமானந்தம் அண்ணை ராத்திரியில் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடப்பார். எனக்கு நிம்மதியாக இருந்தது, ராணி. எல்லோருக்கும் இல்லை என்றால் எனக்கும் இல்லை, ஒருவரும் கேட்க மாட்டார்கள். இதை எழுதக் கை கூசுகிறது. அந்தப் பாஸ்போட் கதையும் இதற்காகத்தான். நீ யாரோ ஒருத்தியாக வந்து இறங்கினால், இங்கே புதிதாகக் கலியாணம் எழுதிவிடலாம் என்று நினைத்தேன்.

மாவைக் குழைத்து அடைத்தீர்களே என்று நீ எழுதியிருந்தாய். அதை வாசித்த அன்றே சொல்லியிருக்க வேண்டும். கல்லைத் தேடிப் போனேன். கல்லைத் தேடுவது சுகமாக இருந்தது.

கடையில் சாப்பிட வருகிற பிர்கிட் என்கிற அம்மா உண்மையான வக்கீல். அவரிடம் மொரித்தாவை வைத்துக்கொண்டு எல்லாம் சொன்னேன். நீயாகப் போய்ச் சொல், அவர்கள் கண்டுபிடிக்க முன் சொல் என்றார். ஏற்றுக்கொள்ளலாம். என் விசாவையே எடுக்கவும் கூடும். அவருக்கும் நிச்சயமில்லை. எடுத்தால் உங்களுக்கும் வழி இல்லை.

நான் போகத் தயார். ஆனால் இந்த முறை உன்னைக் கேட்காமல் எந்தக் கட்டத்திலும் கோடு போட மாட்டேன். போகட்டா, விடட்டா? நீ சொல்வதுதான்.

கோணேசன்

*

உப்புவெளி
07.05.1989

அத்தான்,

உங்கள் கடிதம் வந்து பன்னிரண்டு நாள். மூன்று நாள் அப்பம் சுடவில்லை. சந்தியில் கேட்டவர்களுக்கு மா புளிக்கவில்லை என்றேன். நாலாம் நாள் சுட்டேன். நீங்கள் பொய் சொன்னதற்காக நானும் பிள்ளையும் பட்டினி கிடக்க முடியாது.

ஒரு வருஷமாக அந்த நாட்டு மந்திரியைக் கோணேசர் கோயிலடியில் நின்று மண் அள்ளித் திட்டியிருக்கிறேன். தங்கமலருக்கும் மற்றப் பெண்களுக்கும் அவர் செய்ததற்கு அது தகும். எனக்குச் செய்தது என் புருஷன். அது தெரியாமல் நானும் அவளும் ஒன்றாக அழுதிருக்கிறோம். அவள் அழுததற்குக் காரணம் இருந்தது. நான் அழுததை என்ன செய்வது?

எங்கள் கலியாணத்தில் முந்நூறு பேர் சாப்பிட்டார்கள். பந்தியில் இடம் காணாமல் வேலிக்கு வெளியிலும் இலை போட்டோம். அத்தனை பேருக்கும் தெரிந்த ஒருத்தியை ஒரு பேனைக் கோட்டால் இல்லாமல் ஆக்கியிருக்கிறீர்கள்.

போகட்டா, விடட்டா என்று கேட்கிறீர்கள். போங்கள். போய்ச் சொல்லுங்கள். விசாவை எடுத்தால் எடுக்கட்டும். திருப்பி அனுப்பினால் வாருங்கள், அப்பம் சுடப் பழக்குகிறேன். அனுப்பாவிட்டால் நானும் பிள்ளையும் வருகிறோம். இரண்டில் எது என்றாலும் நான் உங்கள் மனைவியாக இருக்கிறது எழுத்தில் வர வேண்டும். அது வராமல் எனக்கு ஒன்றும் வேண்டாம்.

மன்னித்தேன் என்று இதில் எழுத மாட்டேன். அது முகத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டிய விஷயம். அதற்காகவாவது வருவேன்.

கச்சேரிக்கு ஐந்து தரம் அலைந்து கலியாணப் பதிவின் பிரதி எடுத்தேன். நிலுஷாவின் பிறப்புப் பத்திரமும் இருக்கிறது. கலியாணப் படம் ஒன்று வைத்திருக்கிறேன், அதில் நீங்கள் முழு ஆளாக இருக்கிறீர்கள். அந்த அலுவலகத்துக்கு என் கையாலேயே ஒரு கடிதம் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். பாதர் ஆங்கிலத்தில் எழுதித் தருகிறேன் என்றார், வேண்டாம் என்றேன். அங்கே மொழிபெயர்ப்பாளர் இருப்பார் அல்லவா? அவர் வாசிக்கட்டும். நீங்கள் ஒரு சொல்லும் திருத்தக் கூடாது. நாளை நாளை என்று பார்க்காமல், இது கிடைத்த அடுத்த நாளே போங்கள்.

தங்கராணி

*

உப்புவெளி, திருகோணமலை
07.05.1989

மதிப்புக்குரிய ஐயா அல்லது அம்மா,

என் பெயர் தங்கராணி கோணேசன். எனக்கு முப்பத்தொரு வயது. உங்கள் நாட்டில் இருக்கும் கோணேசன் என் கணவர். 1979 ஆவணி மாதம் எங்களுக்குக் கலியாணம் நடந்தது. ஒரு மகள் இருக்கிறாள். பத்திரங்களை இதோடு வைத்திருக்கிறேன்.

1987 தை மாதம் இவர் உங்களிடம் தனக்கு மனைவி இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். அது பொய். பயத்தில் சொன்ன பொய். அதற்கு நீங்கள் என்ன தண்டனை கொடுப்பீர்கள் என்று எனக்குத் தெரியாது.

அதே தை மாதம் நான் இங்கே மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தேன். எனக்கும் ஒரு படிவம் தந்தார்கள். தகப்பனின் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. அவர் உயிரோடு போய்ச் சேர்ந்தாரா என்று கூட அன்றைக்கு எனக்குத் தெரியாது. பக்கத்தில் நின்ற ரீச்சர், வெளிநாடு போனவர் என்றால் வெறுமையாக விடலாம், பிறகு பார்க்கலாம் என்றார். நான் விடவில்லை. கோணேசன் என்று எழுதினேன்.

உங்கள் புத்தகத்தில் என்னுடைய இடம் இரண்டு வருஷமாக வெறுமையாக இருக்கிறது. தயவுசெய்து என் பெயரை அதில் எழுதிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தங்கராணி கோணேசன்